ஜோலார்பேட்டையில் இறங்கிய சமையல்காரன்

ஜெயசீலன் இறந்த மழைக்காலம் முடிந்து, ரயில்வே காலனியின் தூங்குமூஞ்சி மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பனை செய்து வைத்திருந்த விண்கலச் சமையல்காரன் மிளகன், அரக்கோணத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியின் கடைசிப் பெட்டியிலிருந்து, தோளில் ஒரு மூட்டையோடு ஜோலார்பேட்டை சந்திப்பில் இறங்கினான். பிஞ்சுக் கத்தரிக்காயின் நிறம், புளியங்கொட்டை போன்ற காதுகள், கைக்கு இரண்டு கட்டைவிரல் என்று எல்லாம் ஜெயசீலன் சொன்னபடியே இருந்தன. டிக்கெட் பரிசோதகர் அவனை நிறுத்திச் சீட்டைக் கேட்க, அவன் இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய உலோகத் தகட்டை எடுத்துக் கொடுத்தான். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, புறப்பட்ட ஊர் தன் கோட்டத்துக்குள் வராவிட்டாலும் சேருகிற ஊர் சரியாகத்தான் இருக்கிறது என்று கண்டு, ஒரு ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார்.

விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்த புனிதவதியிடம், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் கோதண்டம் வேகமாக நடந்து வந்து சொன்னார். "மேடம், நம்ம ஜெயசீலன் சார் ஆளு வந்திருக்காரு. மிளகன்."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் அவனே ஜன்னலுக்கு வந்துவிட்டான். இவ்வளவு காலமும் அவனுடைய குரல் ஜெயசீலனின் குரலாகத்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது. இப்போது அது வேறாக, கொஞ்சம் மெலிந்ததாக இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு, தன் வண்டி எப்போது என்று கேட்டான். எத்தனையோ வண்டிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய புனிதவதி, முன்னால் இருந்த திரையைக் கடமைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் அறிவிப்பு வரவில்லை, உட்காருங்கள் என்றாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்த விளையாட்டு காலனிக்கு வந்த கதை இப்படி. ஜனங்கள் வண்டி நேரத்தைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபின் புனிதவதியின் ஜன்னலுக்கு ஈ, காக்கைகூட வரவில்லை. அவள் ஊழியர்களின் பொழுதுபோக்கு மன்றமான ரயில்வே இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், அங்கே கேரம் பலகைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். வடகிழக்குக்கு மாற்றலாகிப் போன கல்யாணமாகாத இன்ஜினியர் ஒருவர் சுமக்க முடியாமல் விட்டுப்போன விஞ்ஞானக் கதைப் புத்தகங்கள் அதில் மேலிருந்து கீழ்வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுவந்து படித்தாள். வண்டி தாமதமான ஒரு நாள், பிளாட்பாரத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் பகடை உருட்டி ஏதோ ஆடுவதைப் பார்த்துவிட்டு அது என்னவென்று கேட்டாள். ஒருவர் ஒரு உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார், மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு ஆளாக இருந்து தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடை முடிவு செய்யும், அவ்வளவுதான் என்றார்கள். உலகத்தைச் சொல்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் கேட்க, நிறையப் படித்திருக்க வேண்டும், அதுவும் விண்வெளிக் கதை என்றால் ரொம்ப நல்லது என்றார்கள். வண்டி வந்து ஏறும்போது அந்தப் பகடையை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகம் மறந்துபோன பிறகும் புனிதவதி அவர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லாத வாரம் இல்லை.

ஞாயிறு மதியம் இன்ஸ்டிடியூட்டில் மேஜை போட்டாள். உட்காருகிறவர் முதலில் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் படித்து அதிலிருந்து ஏதாவது ஒன்றை மேஜைக்குக் கொண்டுவர வேண்டும், எந்தப் புத்தகம் என்பதை ஆளைப் பார்த்து அவள் சொல்வாள் என்பது ஒன்றுதான் விதி. ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அன்வர் பாஷாவுக்குத் தூரத்துக் கிரகம் ஒன்றில் பரவிய கொள்ளைநோயின் கதையைக் கொடுத்தாள். அவர் ஆட்டத்தில் வரும் விண்கலத்தின் வைத்தியராக வந்தார். கோதண்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருப்பதில் தாங்கள் கலத்துக்குள் இருப்பதையே மறந்துபோன ஜனங்களின் கதை. அவர் ஆட்டத்துக் கலத்தின் கதவுகளைக் காப்பவராக வந்தார். சரக்கு வண்டி ஓட்டுநர் ஜெயசீலனுக்கு, ஆள் நடமாட்டமில்லாத பாறைக் கோள் ஒன்றில் போகிற வருகிற கலங்களுக்காகத் தனியாக விளக்கு எரிக்கிறவனின் கதையைக் கொடுத்தாள். தன்னோடு எஞ்சினில் நிற்கும் உதவியாளரிடம்கூட சிக்னலின் நிறத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவர் அவர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் ஜன்னலில் வெகுநேரம் நின்றுவிட்டு, "இந்த ஆளுக்கு யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்டார்.

புனிதவதி புரட்டிப் பார்த்தாள். அவன் மாத்திரை சாப்பிடுகிறான் என்று ஒரு வரி இருந்தது. மற்ற புத்தகங்களையும் புரட்டினாள். சக்கரவர்த்திகள் இருந்தார்கள், யோசிக்கும் எந்திரங்கள் இருந்தன, அணைந்துபோகும் சூரியன்கள் இருந்தன, மாவாட்டுகிறவர் யாரும் இல்லை.

"அப்ப நான் சமையல்காரனா வர்றேன்" என்றார் ஜெயசீலன்.

வீட்டில் ஒரு தம்ளர் வெந்நீர் வைத்தறியாத அந்த மனிதர் மேஜையில் மிளகனாக உட்கார்ந்ததும் வாய் திறந்தார், பிறகு மூடவே இல்லை. சூரியன் மறையாத கிரகத்தில் பிறந்ததையும், எடையில்லாத வெளியில் குழம்பு கொதித்தால் உருண்டை உருண்டையாக மிதக்கும் என்பதையும், அதை எப்படிக் கரண்டியால் துரத்திப் பிடிப்பது என்பதையும் அவர் சொல்லச் சொல்ல, புனிதவதி தான் சொல்லவேண்டியதை மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன் ஒன்றுமில்லாத கதைகளை இவ்வளவு அக்கறையாக ஒருவர் வாழ்ந்து பார்த்தாரே என்ற நன்றி அவளுக்குத் தீராது. எந்த ஆபத்து வந்தாலும் பகடையைத் தொடுமுன் மிளகன் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்காரிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பார். செய்தி போய்ச்சேர வருஷக் கணக்காகும், பகடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பாஷா பாய் கேலி செய்வார். இருந்தாலும் ஜெயசீலன் அனுப்புவார்.

கடைசியாக ஆடிய ஞாயிறு, விண்வெளியில் உடைந்துபோய் மிதந்த ஒரு கலத்தில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். மிளகன் ஒரு மூட்டை தானியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தன் கலத்திலிருந்து அங்கே தாவினான். போய்ச்சேர்ந்தானா என்பதற்குப் பகடை உருட்ட வேண்டும். அதற்குள் ஜெயசீலனுக்கு டூட்டிக்கு அழைப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் உருட்டிக்கொள்ளலாம் என்று புனிதவதி சொன்னாள். அந்த வாரம் வெளியூரில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

இரண்டு கலங்களுக்கு நடுவில் நின்றுபோனவன்தான் இப்போது பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அவனை எங்கே தங்க வைப்பது என்பதுதான் காலனியின் முதல் யோசனையாக இருந்தது. ரன்னிங் ரூம் பொறுப்பாளர், ஓடும் வண்டி ஊழியர்களைத் தவிர வேறு யாருக்கும் கட்டில் கிடையாது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர், இவனும் ஓடுகிற கலத்தில் வேலை பார்க்கிறவன்தானே, அது எந்த மண்டலமாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லையே என்று தானே கேட்டுத் தானே தீர்த்துக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தார். அன்று சாம்பாரைச் சாப்பிட்ட மிளகன் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சமையல்கட்டில் நின்றான். அதற்கப்புறம் ஈரோட்டு ஓட்டுநர்களும் சென்னை ஓட்டுநர்களும் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையில் ஓய்வு கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். யார் சாப்பிட உட்கார்ந்தாலும், இதற்கு முன் எப்போது அவசரமில்லாமல் சாப்பிட்டீர்கள் என்று அவன் கேட்பான். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் தட்டில் இரண்டாவது தடவை சோறு விழுந்திருக்கும். தன் மூட்டையை மட்டும் அவன் அவிழ்க்கவில்லை. அது காத்திருக்கிறவர்களுடையது என்றான்.

ஆடியில் அம்மனுக்கு வார்க்கும் கூழை இந்த வருஷம் பங்குனியிலேயே ஒருமுறை வார்த்துப் பார்க்கலாமே என்று கோயில்காரர்கள் வந்து கேட்டார்கள். பாஷா பாய் நோன்புக் கஞ்சிக்கு அழைத்துப்போனார். பங்குச் சாமியார், சூரியன் மறையாத ஊரில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று விசாரித்து, கண்டுபிடிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டு, அப்படியானால் உங்களுக்கு எல்லாம் ஞாயிறுதான் என்று முடித்துவைத்தார். ரேஷன் கடையில் எந்தக் கட்டைவிரலை வைப்பது என்று ஒரு மதியம் முழுக்கப் பேசி, இரண்டையும் சேர்த்து வைத்தபோது எந்திரம் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இருட்டு மட்டும் அவனுக்குப் பழக்கமில்லை. வந்த அன்று சாயங்காலம் சூரியன் மேற்கே குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதை நடைமேம்பாலத்திலிருந்து பார்த்து, யாரோ செத்துப்போகிறார்கள் என்று நினைத்து அழுதுவிட்டான். நாளைக்கு வந்துவிடும் என்று கோதண்டம் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். மறுநாள் வந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் மேம்பாலத்தில் ஏறி நின்று, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற விருந்தாளிக்குச் சொல்வதைப் போலச் சூரியனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவைப்பான். இத்தனை வருஷம் அந்தப் பாலத்தில் தலை குனிந்து நடந்தவர்கள், கையில் காய்கறிப் பையோடு அவன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிறகு அவன் இரும்பு அலமாரியைக் கண்டுபிடித்தான். நாமெல்லாம் குடும்பக் கதை படிக்கிற மாதிரி அவன் விஞ்ஞானக் கதை படித்தான். இதில் எஞ்சினைப் பற்றி எழுதியது அத்தனையும் தப்பு, ஆனால் அண்ணன் தம்பி சண்டை அசல் அப்படித்தான் என்பான். இந்த ஊருக்கு நான் ஒரு தடவை உப்பு வாங்கப் போயிருக்கிறேன், இவ்வளவு மோசமில்லை என்பான். யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பான். மகளை நியூசிலாந்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் பேச்சில்லாமல் இருந்த டிக்கெட் பரிசோதகருக்கு, ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் கேட்டவருக்கு நரைத்துவிடுகிற இரண்டு கிரகங்களின் கதை. எல்லோரும் விட்டுப்போன ஊருக்குக் காவல் நிற்கும் எந்திரத்தின் கதை, யார்டில் காலி பெட்டிகளுக்குக் காவல் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு. படித்தவர்கள் படித்ததோடு நிற்கவில்லை. தண்டவாளம் பராமரிக்கும் கேங் ஆட்கள் வேப்பமரத்தடியில் தாயக்கட்டையை வைத்தே ஒரு ஆட்டம் தொடங்கினார்கள். நர்சுகள் ஓய்வறையில் ஒன்று தொடங்கினார்கள். எந்தக் கிரகத்தில் ஆரம்பிக்கலாம், அதற்கு முதலில் எதைப் படிக்கலாம் என்று எல்லோரும் புனிதவதியிடம்தான் வந்து கேட்டார்கள். அவள் ஜன்னலில் மறுபடியும் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், இதுவும் ஜெயசீலன் கொடுத்தது என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வரிசையிலேயே ஒவ்வொரு காலையும் மிளகனும் நின்று, தன் முறை வந்ததும், என் வண்டி எப்போது என்று கேட்பான். அவள் இன்னும் அறிவிப்பு வரவில்லை என்பாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். அறிவிக்கவேண்டியது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பகடை உருண்டால், ஒன்று அவன் போய்ச்சேருவான், இல்லாவிட்டால் நடுவெளியில் செத்துப்போவான்; இரண்டில் எது நடந்தாலும் இங்கே இருக்க மாட்டான். உருட்டாமலே வைத்திருந்தால் இருப்பான். அவள் உருட்டாமலே வைத்திருந்தாள்.

ஜெயசீலனின் மனைவி லூர்துமேரி மட்டும் அவனைப் பார்க்க வரவில்லை. வாரிசு வேலையாக அவளுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. மிளகன் அந்தப் பக்கம் வந்தால் குனிந்து எழுதுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்னிடம் பேசியதையெல்லாம் திரட்டினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும் என்று அவள் புனிதவதியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லிக்கூட ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'ஏ, கேக்குதா' என்பதுதான் அவளுக்கு வீட்டில் பெயர்.

ஜெயசீலனின் பிறந்தநாளுக்கு நினைவுப் பூசை வைத்தார்கள். பூசைக்கப்புறம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு. சமைக்க மிளகனை அனுப்புகிறேன் என்று சாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் லூர்துமேரியால் மறுக்க முடியவில்லை. அன்று காலை அவள் வீட்டுச் சமையல்கட்டில் மூன்று பேர் இருந்தார்கள். புனிதவதி வெங்காயம் உரித்தாள், மிளகன் அடுப்பைப் பார்த்தான், லூர்துமேரி யாரையும் பார்க்காமல் அரிசி களைந்தாள். கோழிகள் உள்ளே வருகின்றன என்று அவள் எழுந்துபோய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், தாழை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரியும் இப்படித்தான்" என்றான் மிளகன், கரண்டியை நிறுத்தாமல். "ரெண்டு தடவ போட்டாத்தான் அவளுக்கு மனசு அடங்கும்."

லூர்துமேரி அரிசிக்குத் திரும்பினாள். அவன் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனான். அவள் எந்தப் பாட்டிலும் முதல் வரியைத்தான் பாடுவாள், அடுத்த வரி மறந்துபோனால் பாட்டைத் திட்டுவாள். கோபம் வந்தால் கத்தமாட்டாள், தம்ளரை வைக்கிற சத்தத்தில் தெரிந்துவிடும். இடிக்குப் பயம், ஆனால் கோழி பயப்படுகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்துவாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சர்ச்சில் நிற்கும்போது ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து அடுத்த காலின் மேல் வைத்துக்கொள்வாள். புனிதவதி இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறாள். தூரத்துக் கிரகத்துப் பெண் ஒருத்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்க பேரு என்ன?" என்று லூர்துமேரி கேட்டாள்.

மிளகன் யோசித்தான். "பேரு சொன்னதில்ல. 'ஏ, கேக்குதா'ன்னுதான் கூப்பிடுவேன்."

அவள் அரிசிப் பானையின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேசியபோது குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லியிருக்காரு. எனக்கு ஒருநாளும் சொல்லல."

அவள் எதைச் சொல்கிறாள் என்று மிளகனுக்குத் தெரியாது. ஜெயசீலன் என்று ஒருவருடைய பூசைக்குச் சமைக்கிறோம் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தன் வீட்டுக்காரி தன்னைக் குறை சொன்னால் என்ன சொல்வானோ அதைச் சொன்னான். "நான் தெனமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் லூர்தம்மா. போய்ச்சேர வருஷக் கணக்காகுது."

குழம்பு கொதித்தது. அவன் அடுப்பைத் தணித்துவிட்டு, உடைந்த கலத்தில் பட்டினி கிடக்கிறவர்களைப் பற்றிச் சொன்னான். தன் வண்டி ஏனோ வரவே மாட்டேன் என்கிறது என்றான். லூர்துமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு புனிதவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாகப் புனிதவதி பகடையைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஆட்டத்தில் ஒரு ஆளாக ஆடியவர் இறந்துபோனால் அந்த ஆளுக்குப் பகடையை யார் உருட்டுவது என்று காலனியில் பேச்சு கிளம்பியது. கோதண்டம் உருட்டலாம் என்றார்கள் சிலர், சாமியார் உருட்டலாம் என்றார்கள் சிலர். ஊழியர் குடும்பங்களின் நலன் பார்க்கும் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கேட்டுவிட்டு, வாரிசு வேலைக்கு எப்படியோ அப்படியே இதற்கும், முதல் உரிமை மனைவிக்கு, அவர் வேண்டாமென்றால்தான் மற்றவருக்கு என்று சொல்லிவிட்டார். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

லூர்துமேரி ஒரு நாள் காலை விசாரணை ஜன்னலில் வரிசையில் நின்று வந்தாள். "அவர் மொதல்ல படிச்ச புக்கு எதுவோ, அதைக் குடு புனிதா. படிக்காம உக்கார மாட்டேன்."

புனிதவதி விளக்குக்காரனின் கதையைக் கொடுத்தாள். அடுத்தடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று மிளகன் சொல்லிக்கொடுத்தான். ஆஸ்பத்திரியில் கூட்டமில்லாத வேளைகளில் அவள் படித்தாள், புரியாத இடத்தில் பாஷா பாயைக் கேட்டாள், சில பக்கங்களைப் படித்துவிட்டுக் காரணம் சொல்லாமல் சிரித்தாள். முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எல்லாம் எழுதியிருக்கு, இவனுக்காக எங்கயாவது யாராவது காத்திருக்காங்களான்னு எழுதல" என்றாள். ஜெயசீலன் நின்ற அதே ஜன்னல். புனிதவதி புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு மேஜை போடுகிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு மதியம் இன்ஸ்டிடியூட் கூட்டம் கொள்ளவில்லை. கேரம் பலகையை நகர்த்தி வைத்தும் ஜன்னல்களில் ஆட்கள் தொங்கினார்கள். மிளகன் தன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேஜையில் பாஷா பாய், கோதண்டம், அவர்களுக்கு நடுவில் லூர்துமேரி. பகடையில் எவ்வளவு விழவேண்டும் என்பதைப் புனிதவதிதான் சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்குமுன்பே, மேடம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. மூன்று என்று சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்.

"அவரு உக்காந்திருந்தா எவ்வளவு சொல்லியிருப்ப?" என்று லூர்துமேரி கேட்டாள்.

"பதினஞ்சுக்குக் கொறையக் கூடாதுன்னு."

"அதையே சொல்லு."

புனிதவதி மிளகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவள் சொன்னாள். பிறகு கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். உடைந்த கலம், அதன் ஒற்றை ஜன்னல், அந்த ஜன்னலில் தெரிகிற முகங்கள், கீழே மேலே என்று எதுவுமில்லாத வெளி, அதில் ஒரு சமையல்காரன், அவன் தோளில் ஒரு மூட்டை. அவ்வளவு நன்றாக அவள் அதற்கு முன் சொன்னதில்லை. சொல்லி முடித்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

லூர்துமேரி பகடையை எடுத்தாள், உடனே கீழே வைத்தாள். "மொதல்ல வீட்டுக்காரிக்குச் செய்தி அனுப்பணும்."

பாஷா பாய் கேலி செய்யவில்லை.

"ஏ, கேக்குதா" என்று அவள் தொடங்கினாள். குரலை மாற்றவில்லை, நடிக்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நான் சாப்பிட்டேன். நீ சாப்பிடு. எனக்காகக் காத்திருந்து ஆறிப்போனதைச் சாப்பிடாத. இடி இடிச்சா ஜன்னலைச் சாத்திக்கோ, கோழிக்காகன்னே சொல்லிக்கோ. நீ ரெண்டாவது தடவ தாழ் போடுற சத்தத்தைக் கேட்டப்புறம்தான் நான் படி எறங்குவேன். ஒரு டூட்டிக்கும் அது கேக்காமப் போனதில்ல. என்னை நல்லாப் பாத்துக்கிட்ட. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஜெயசீலன் படியிறங்கும் காலடி எப்போதும் இரண்டாவது தாழுக்குப் பிறகுதான் கேட்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கதவுக்கு உள்ளே நின்று அவளே கேட்டது அது. அதற்கு என்ன அர்த்தம் என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பகடையை மறுபடியும் எடுத்துக் கையை மூடினாள். பிறகு உருட்டினாள்.

பகடை மேஜையின் ஓரம் வரை போய், பாஷா பாயின் டீ தம்ளரில் இடித்து, திரும்பி வந்து நின்றது. கோதண்டம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பதினேழு என்றார்.

யாரும் கை தட்டவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ரன்னிங் ரூம் பொறுப்பாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிளகன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தான். லூர்துமேரியின் முன்னால் வந்து நின்று, நீங்கள் சொன்னது அவளுக்குப் போய்ச்சேரும் என்றான். சேர்ந்துவிட்டது என்றாள் அவள். பிறகு அவன் புனிதவதியிடம் திரும்பி, தினமும் கேட்பதைக் கேட்டான்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஜனங்கள் வழிவிட, ஸ்டேஷனுக்கு நடந்தாள். பதிவு செய்த குரல் வந்தபிறகு யாரும் தொடாத மைக்கைத் துடைத்து, அதன் பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. திரு. மிளகன் அவர்கள் செல்லவேண்டிய வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்." ஒலிபெருக்கியில் தன் குரல் யார்டு முழுக்கப் போய்த் திரும்புவதைக் கேட்டாள். அவன் செய்த சோற்றுக்கும், நின்று பார்க்கவைத்த சாயங்காலங்களுக்கும், ஜன்னலுக்குத் திரும்பிவந்த வரிசைக்கும் காலனி சார்பாக நன்றி என்று, எந்த விதியிலும் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டாள்.

அரக்கோணம் பாசஞ்சர் வந்தது. சூரியன் மேற்குக் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மிளகன் கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று அதற்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, காலனிக்கும் அதையே சொன்னான். கார்டு பச்சைக் கொடியைக் காட்டினார். அரக்கோணம் போய்ச்சேர்ந்தபோது கடைசிப் பெட்டியில் யாரும் இல்லை என்று அந்தக் கார்டு பிற்பாடு சொன்னார். வழியில் எங்கோ தன் ஸ்டேஷனில் இறங்கியிருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு லூர்துமேரி மற்றவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மிளகன் அந்தக் கலத்துக்குள் போய் என்ன சமைத்தான் என்பதிலிருந்து தொடங்கலாமா என்று புனிதவதி கேட்டாள்.

"அவரு ஆளை அவரே வச்சுக்கட்டும்" என்றாள் அவள். "எனக்குன்னு ஒரு ஆள் வேணும். அந்த வீட்டுக்காரி."

வீட்டிலேயே இருக்கிறவளை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது என்று பாஷா பாய் கேட்டார்.

"செய்தி வந்துடுச்சில்ல பாய். இனிமே ஏன் வீட்ல இருக்கணும். கெளம்புறா."

பெயர் என்ன என்று புனிதவதி கேட்டாள். எதை வேண்டுமானாலும் வைக்கலாமா என்று லூர்துமேரி திருப்பிக் கேட்டு, வைக்கலாம் என்றதும், வெகுநாளாக முடிவு செய்து வைத்திருந்தவளைப் போல, பவளம் என்றாள். சரி என்று புனிதவதி தொடங்கினாள். பவளம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறாள், மறையாத வெயில் அடிக்கிறது, தெருக்கோடியில் யாரோ விட்டுப்போன ஒரு பழைய கலம் நிற்கிறது, சாவி அதிலேயே இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?

லூர்துமேரி நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம் வரை கோதண்டத்துக்கும் பாஷா பாய்க்கும் முறையே வரவில்லை, அவர்களும் கேட்கவில்லை.